புகுந்த வீடு உப்புத் தண்ணீர்

மீன் தொட்டி என்றாலே நம்மில் பலருக்கு இரண்டு தங்க மீன், ஒரு பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து திறந்து மூடும் பொம்மைச் சிப்பி, இவ்வளவுதான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது கொஞ்சம் வேறு தினுசு. ஆறடி நீளம். உள்ளே கடல் தண்ணீர். பின்பக்கம் பாறைக் குவியல். முன்பக்கம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஏழு வெள்ளி மீன்கள் ஒன்றாக ஓடி, ஒன்றாகத் திரும்பிக் கொண்டிருக்கும். வாங்கும் யோசனை அவருடையது, பராமரிப்பு என்னுடையது. எந்த வீட்டில்தான் வேறு மாதிரி, சொல்லுங்கள்!

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி. "இது என்ன மீன்? எங்கே கிடைக்கும்?" முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு, "முதல்ல உட்காருங்க, காபி சாப்பிடுங்க, அப்புறம் சொல்றேன்" என்பேன். ஏனென்றால் கிடைப்பது சுலபம். வைத்துக் காப்பாற்றுவதற்குத்தான் மூன்று விஷயம் வேண்டும்: இடம், கூட்டம், நிதானம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மீன் நம் கண்ணெதிரிலேயே வாடிப் போகும்.

ஆறும் கடலும் சேரும் இடத்துப் பிள்ளைகள்

கடைக்காரர்கள் இதை மோனோ என்கிறார்கள். சிலர் மோனோ ஏஞ்சல் என்பார்கள். விஞ்ஞானப் பெயர் மோனோடாக்டைலஸ் அர்ஜென்டியஸ். அர்ஜென்டியஸ் என்றால் லத்தீனில் வெள்ளி நிறம் என்று அர்த்தமாம். பொருத்தமான பெயர்தான். பக்கவாட்டில் சப்பையாக, சாய்சதுரமாக, தேய்த்து வைத்த வெள்ளித் தாம்பாளம் மாதிரி பளபளக்கும். முதுகுத் துடுப்பில் மஞ்சள் சாயல். குஞ்சுகளுக்கு முகத்தில் கண்ணோடு சேர்த்து இரண்டு கறுப்புக் கோடுகள்.

செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள் வரை கரையோரக் கடலில் இருக்கிற மீன் இது. நம் நாட்டுக் கழிமுகங்களிலும் உண்டு. குஞ்சுப் பருவத்தை ஆற்று முகத்துவாரங்களிலும் சதுப்பு நிலக் காடுகளிலும், உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில் கழிக்கும். வளர வளரக் கடல் பக்கம் நகர்ந்து, பாறை ஓரங்களில் பெரிய பெரிய கூட்டமாகத் திரியும்.

இதை மனதில் வைத்துக் கொண்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. சின்னதில் உவர் தண்ணீர், பெரிசானால் கடல் தண்ணீர். பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று, நம்மைப் போலவே!

வாளியில் வந்த ஏழாவது மீன்

எங்கள் தொட்டியில் முதலில் ஆறு மோனோதான் இருந்தன. ஏழாவது வந்த கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

எதிர் வீட்டு மருமகளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. பிறந்த நாளுக்கு ஒரு சின்னத் தொட்டியும் இரண்டு தங்க மீனும் வாங்கப் போனவள், குழந்தை அடம் பிடித்ததால் இரண்டு மோனோவும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறாள். பத்து ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும். தொட்டியிலோ சாதாரணக் குழாய்த் தண்ணீர். மூன்று வாரத்தில் ஒன்று போய்விட்டது. மிச்சமிருந்ததை ஒரு வாளியில் போட்டு எடுத்துக் கொண்டு அம்மாவும் பெண்ணும் என் வாசலில் வந்து நின்றார்கள்.

"அக்கா, வெள்ளையா இருந்த மீன் ஏன்க்கா கறுப்பாகுது?" என்றாள் அவள்.

குழந்தை ஒன்றும் கேட்கவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்துக் கொண்டே இருந்தது. அப்புறம் மெதுவாக, "இதுவும் செத்துடுமா பெரியம்மா?" என்றது.

மோனோவுக்கு மனசு சரியில்லையென்றால் உடம்பில் தெரிந்துவிடும். பயந்தாலோ, தண்ணீர் சரியில்லையென்றாலோ, தனியாக இருந்தாலோ வெள்ளி மங்கிக் கறுத்துப் போகும். ஒரு மூலையில் துடுப்பைச் சுருக்கிக் கொண்டு நிற்கும். இந்த மீனுக்கு மூன்று கஷ்டமும் சேர்ந்திருந்தன. "பார்க்கலாம் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். பொய்யாகச் சத்தியம் செய்து கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அதை நேரே என் கடல் தொட்டியில் விட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். பாறைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது என்பார்கள், அதை உப்பு ஏற்றும் இடத்தில் சொல்கிறேன். முதலில் தொட்டியைப் பார்த்துவிடலாம்.

ஆறடி வீடு, திறந்த முற்றம்

கடையில் பார்க்கும்போது நாணயம் அளவு இருக்கிற மோனோ, கடலில் 25 சென்டிமீட்டர் வரைகூட வளரும். தொட்டியில் அவ்வளவு வளராவிட்டாலும் உள்ளங்கையை நிறைக்கும் அளவு வந்துவிடும். அதுவும் ஒரு நிமிஷம் நிற்காத மீன். ஆறு மீன் ஓடி விளையாட 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். அதில் ஏறக்குறைய 600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

தண்ணீர், கண்ணாடி, பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்தால் முக்கால் டன்னுக்குக் குறையாது. நாங்கள் முதல் மாடியில் இருப்பதால், கட்டட இன்ஜினீயரை அழைத்துக் காட்டி, உத்தரம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு, அந்தச் சுவர் ஓரமாகத்தான் வைத்தோம். மாடி வீட்டுக்காரர்கள் இதை விளையாட்டாக எண்ண வேண்டாம்.

தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். இந்த மீன் துள்ளும். காலையில் எழுந்து தரையில் பார்த்து வருத்தப்படுவதை விட, மேலே வலை போட்டு வைப்பது நல்லது.

இன்னொன்று. கடல் பாறைத் தொட்டி அமைப்பவர்கள் பாறையைத் தண்ணீர் மட்டம் வரை மலை போல் அடுக்குவார்கள். பாறை இடுக்கில் வாழும் கோமாளி மீனுக்கு அது சரி. மோனோ திறந்த வெளியில் ஓடும் ஜாதி. அதனால் எங்கள் தொட்டியில் பாறையைப் பின்பக்கமும் இரண்டு ஓரங்களிலும் தாழ்வாக அடுக்கி, முன்பக்கம் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வழி விட்டிருக்கிறோம். வீட்டுக்கு முற்றம் மாதிரி. நீரோட்டம் தருகிற பம்பு இரண்டு வைத்திருக்கிறோம். ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதில் இவற்றுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

பாறை இருக்கலாம், பவளம் வேண்டாம்

பாறைத் தொட்டி என்றதும் பவளம் இல்லையா என்று கேட்பார்கள். நம் நாட்டுக் கடலிலிருந்து பவளத்தை உடைத்து எடுப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ன்படி குற்றம். கடல் குதிரையும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளப் பாறைகளைக் காப்பதற்காகவே 1986ல் கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பல காலம் பொறுமையாக வளர்ந்ததை நம் கூடத்து அழகுக்காகப் பெயர்த்து வருவது பாவமும்கூட.

எங்கள் பாறைகள் செயற்கையாக வார்த்தவை. சிமென்ட் கலந்த பாறை என்றால் பல வாரம் தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, காரம் போன பிறகுதான் உபயோகிக்க வேண்டும். நாளாக ஆக அதன் மேல் ஊதா நிறத்தில் ஒரு பாசி ஓடு போலப் படியும். பார்த்தால் இயற்கைப் பாறை என்றுதான் சொல்வீர்கள்.

கூடத் துணைக்கு ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கிறது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆகையால் கோமாளி மீன் வாங்கும்போது, "பண்ணையில பொரிச்சதா, கடல்ல பிடிச்சதா?" என்று கேட்டு, பண்ணைக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள்.

உப்பை ஏற்றும் பக்குவம்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி வைத்தால் என்ன ஆகிறது? தண்ணீர் விட்டுக் கொள்கிறது. கடலில் மீனின் உடம்புக்கும் அதே கதிதான். வெளியே உப்பு அதிகம் என்பதால், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறிக் கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல் நீரைக் குடித்து, வேண்டாத உப்பைச் செவுள் வழியாகத் தள்ளுகிறது. நல்ல தண்ணீரில் நேர் எதிர். தண்ணீர் தானாக உடம்புக்குள் புகும். மீன் அதைச் சிறுநீராக வெளியே தள்ளிக் கொண்டே இருக்கும்.

மோனோவுக்கு இரண்டு வேலையும் தெரியும். ஆனால் ஒன்றை விட்டு மற்றதற்கு மாற, அதன் செவுளுக்குச் சில நாள் அவகாசம் வேண்டும். வாடி நிற்கும் மீனைத் திடீரென்று கடல் தண்ணீரில் போட்டால் தாங்காது. எதிர் வீட்டு மீனை நேரே விடாததற்குக் காரணம் இதுதான். கூடவே, புது மீனுக்கு நோய் இருந்தால் மற்றவற்றுக்கும் தொற்றும்.

நல்ல தண்ணீரின் அடர்த்தி எண் 1.000 என்றால் கடல் நீருக்குச் சுமார் 1.025. இதை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. இரண்டு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தால் போதும். எங்களுடைய முதல் ஆறு மீனும் 1.005 உள்ள உவர் தண்ணீரில் வந்தன. தனியாக ஒரு 200 லிட்டர் தொட்டியில் விட்டு, வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 0.002 வீதம் ஏற்றினோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்துத் தடவை, ஐந்து வாரம். மீன் சீக்கிரமே தாங்கிக் கொள்ளும் என்பார்கள் சிலர். தண்ணீரைச் சுத்தம் செய்யும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவுக்கும் உப்பு பழக வேண்டும் அல்லவா? அதற்காகவும்தான் இந்த நிதானம்.

அந்த ஐந்து வாரமும் வீணில்லை. புதுக் கடல் தொட்டியும் அந்தச் சமயத்தில்தான் பக்குவமாகிக் கொண்டிருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். அதன் கெடுதல் குறைவு. இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை பரிசோதனைத் திரவத்தால் பார்த்துக் கொண்டே இருந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று வந்த பிறகே மீனை விட வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

உப்பு எது? சமையல் உப்பு உதவாது. அதில் பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கும். 600 லிட்டருக்கு ஏறக்குறைய 22 கிலோ ஆகும். கடற்கரையில் போய்க் குடத்தில் மொண்டு வரலாமே என்று நினைக்காதீர்கள். நகரத்துக் கரையோரத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும்.

தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும். உப்புத் தண்ணீர் விடக் கூடாது. அடுப்பில் சுண்டிய ரசம் கரிப்பது மாதிரி, தண்ணீர் போகும், உப்பு அங்கேயே நிற்கும். சென்னை மே மாத வெயிலில் நான் தினமும் காலையில் கண்ணாடியில் போட்ட கோட்டைப் பார்த்து நிரப்புகிறேன். குளோரின் இல்லாத, ஆர்.ஓ. தண்ணீர் உத்தமம்.

எதிர் வீட்டு மீனையும் இதே மாதிரி, இன்னும் மெதுவாக, ஏழு வாரம் ஏற்றினேன். முதல் பத்து நாள் சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தை வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும். பதினோராம் நாள் ஒரு துணுக்கு இறாலைக் கவ்வியது. எட்டாவது வாரம் பெரிய தொட்டியில் விட்டோம். ஆறும் வந்து சுற்றி மோப்பம் பிடித்தன. இரண்டு நாள் பின்னாலேயே தயங்கி ஓடியது. மூன்றாம் நாள் எது ஆறு, எது ஏழாவது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. குழந்தைக்கு மட்டும் தெரியுமாம்!

தனி மோனோ எப்போதும் பயந்த மோனோதான். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் பலசாலி மற்றதை விரட்டும். ஐந்தாறு இருந்தால் அந்தச் சண்டை பங்காகிக் கரைந்துவிடும்.

சாப்பாட்டு ராமன்கள்

ஓடுகிற பிள்ளைக்குப் பசிக்கத்தானே செய்யும்? காலையிலும் மாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். மிதவை உணவு பாதி. இறால் பொடியாக நறுக்கியது, வெந்நீரில் போட்டு எடுத்த பசலைக்கீரை, தோல் உரித்து நசுக்கிய பட்டாணி பாதி. இறால் சுத்தம் செய்யும்போதே, மஞ்சள் தூளும் உப்பும் போடுவதற்கு முன்னால், மீனுக்கென்று ஒரு பிடி எடுத்து நறுக்கி, தட்டையாகப் பரப்பி ஃப்ரீஸரில் வைத்துவிடுவேன். வேண்டும்போது உடைத்துக் கொள்ளலாம்.

இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் போட வேண்டும். மோனோ வேகமானது. ஒரு கோடியில் அவற்றுக்குப் போட்டுவிட்டு, மறு கோடியில் கோமாளி மீனுக்குப் போட்டால்தான் அதற்கு ஏதாவது மிஞ்சும்.

நிறையத் தின்பது நிறையக் கழிக்கும். நைட்ரேட் ஏறினால் பாறையெல்லாம் பச்சைப் பாசி மூடிவிடும். சில வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகளைத் தொட்டியில் வைக்கிறார்கள். அவர்களுக்கும் மோனோவோடு வருகிற தொல்லை இதுதான். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஒன்று எங்களிடம் ஓடுகிறது. அதோடு வாரம் 60 லிட்டர் தண்ணீரை மாற்றுகிறேன். மாற்றிய உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், செடி பட்டுப் போகும்.

மின்சாரம் போன இரண்டு நாள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. பம்பு நின்றால் தண்ணீரில் பிராணவாயு குறையும். ஓடி ஓடி மூச்சு வாங்கும் மோனோவுக்குத்தான் முதலில் திணறல் வரும். பேட்டரி காற்றுப் பம்பு ஒன்று வைத்திருந்தோம். இரவு பத்து மணிக்கெல்லாம் ஏழும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்தன.

நானும் அவரும் மாறி மாறிச் சொம்பில் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் தொட்டியிலேயே ஊற்றினோம். விழுகிற தண்ணீர் காற்றை இழுத்துக் கொண்டு போகும். பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். எதிர் வீட்டு மருமகள், கையில் டார்ச்சும், தன் சின்னத் தொட்டியின் பேட்டரி பம்பும்.

"பாப்பா தூங்க மாட்டேங்கறாக்கா. இதைக் குடுத்துட்டு வரச் சொல்றா."

இரண்டு பம்புமாகச் சேர்ந்து இரவை ஓட்டினோம். அந்த இரண்டு நாளும் மீனுக்குச் சாப்பாடு போடவில்லை. ஆரோக்கியமான மீன் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும், கெட்டுப் போன தண்ணீரைத் தாங்காது. ஏழும் பிழைத்தன. இப்போது இன்வெர்டரில் பம்புக்குத் தனி இணைப்புக் கொடுத்திருக்கிறோம்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பகையாளிகள். தொட்டி இணைப்புக்கு ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் போடச் சொல்லுங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி ஏறும்படி இருந்தால், வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாது. கையை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

கையில் வெட்டுக்காயம், சிராய்ப்பு இருந்தால் தொட்டியில் கை விடாதீர்கள். மீன் தொட்டித் தண்ணீரில் உள்ள ஒரு வகைக் கிருமி, காயத்தின் வழியே புகுந்து ஆறாத கட்டியை உண்டாக்கும். அப்படி ஏதாவது வந்தால் டாக்டரிடம் மீன் தொட்டி விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். கை விட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

மோனோவோடு சேர்த்து ஸ்காட் என்ற புள்ளி மீனையும் கடையில் காட்டுவார்கள். அதுவும் உவர் நீர் மீன்தான், அழகுதான். ஆனால் ஓரடிக்கு வளரும். முதுகு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கடுகடுவென்று வலிக்கும்.

வாங்குமுன் ஐந்து கேள்வி

கொளத்தூருக்கோ உங்கள் ஊர்க் கடைக்கோ போகுமுன், இதற்கு வீட்டிலேயே பதில் சொல்லிப் பாருங்கள்.

1. ஆறடித் தொட்டிக்கு இடமும், அதைத் தாங்கும் தரையும் இருக்கிறதா?

2. ஐந்தாறு மீனாக வாங்க முடியுமா?

3. கடையில் அது எந்த அடர்த்தித் தண்ணீரில் இருக்கிறது என்று கேட்டு, அங்கிருந்து ஐந்து வாரம் உப்பு ஏற்றப் பொறுமை உண்டா?

4. வாராவாரம் தண்ணீர் மாற்ற ஆள் யார்? (அனேகமாக நீங்கள்தான்!)

5. மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு?

ஐந்துக்கும் "உண்டு" என்றால் தாராளமாக வாங்குங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும், சின்னத் தொட்டியில் நல்ல தண்ணீர் மீன் நாலு வளர்த்து, குழந்தைகளைச் சந்தோஷப்படுத்துங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய பிறகு வைத்துக் கொள்ள முடியாமல் போனால் ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்பட்ட சக்கர் மீன், இன்று நம் ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. கடைக்கோ, பெரிய தொட்டி வைத்திருப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, "அப்ப எங்க கிடைக்கும்னு சொல்லுங்க" என்று எழுந்து நிற்கிறவர்கள் பத்தில் ஒருவர்தான். அவருக்குக் கடை முகவரியோடு, எங்கள் ரிஃப்ராக்டோமீட்டரையும் ஐந்து வாரத்துக்கு இரவலாகக் கொடுத்து அனுப்புகிறேன்.